புகைக்குழாயை உயர்த்தினால் புகை சுத்தமாகிவிடுமா?

இந்த வருடத்தில் நான் பார்க்கப் போன நான்காவது குப்பை எரிதொட்டி இது. யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் அதிபர் அழைத்தார் என்று போனேன். மதில் மூலையில் செங்கல்லால் கட்டிய எரிதொட்டி, அதன்மேல் இருபது அடி இரும்புக் குழாய். "சிங்கப்பூரிலும் எரிக்கிறார்கள்தானே, சேர்? புகை மேலே போய்விடும்" என்றார். குனிந்து உள்ளே பார்த்தேன். பாதி கருகிய லஞ்ச் சீட், செருப்பு வார், உருகிச் செங்கல்லோடு ஒட்டிய பி.வி.சி. குழாய்த் துண்டு.

மேலே போய்விடுமாம்! கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. குழாய் எதையும் வடிகட்டாது. உங்கள் வளவுப் புகையை அயல் வளவுக்கு அனுப்பி வைக்கும். நாற்பது அடியாக்கினால் இன்னும் நாலு வளவு தள்ளிப் போய் இறங்கும். புகை கண்ணுக்குத் தெரியாவிட்டால் நஞ்சில்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். பி.வி.சி. போன்றவற்றை எரிக்கும்போது உருவாகும் கொடிய நஞ்சு டயொக்சின்; அதற்கு நிறம் கிடையாது, ஐயா.

முறையான எரியாலையில் எரிப்பது சுலபமான வேலை. காசெல்லாம் புகையைப் பிடிப்பதில்தான் போகிறது. ஐரோப்பிய விதிப்படி, டயொக்சின் சிதைய, எரிந்து வரும் வாயு 850 பாகை செல்சியசுக்குக் குறையாமல் 2 விநாடியாவது நிற்க வேண்டும். ஈரத் தேங்காய்ப்பூவும் மீன் செதிலும் கலந்த நம் குப்பை தொட்டிக்குள் அந்தச் சூட்டைக் கனவிலும் காணாது. புகை ஆறும்போது, ஏறக்குறைய 450 பாகைக்கும் 200 பாகைக்கும் இடையில், டயொக்சின் மறுபடி உருவாகும். ஆகவே அந்த இடைவெளியை விரைந்து கடத்த வேண்டும். பிறகு அமில வாயுவுக்குச் சுண்ணாம்புத் தூள், டயொக்சினுக்கும் பாதரசத்துக்கும் நுண்துளைக் கரித்தூள் (சிரட்டையில் செய்து நாம் ஏற்றுமதி செய்கிறோமே, அதைப் போன்றது), கடைசியில் புகையை வடிக்க வரிசை வரிசையாகத் துணிப்பைகள். இத்தனைக்கும் பிறகு அனுமதிப்பது ஒரு கனமீற்றர் புகைக்கு 0.1 நனோகிராம் (ஒரு நனோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) டயொக்சின். பைகளில் படியும் சாம்பலை நச்சுக்கழிவாகவே கையாள வேண்டும்.

உங்கள் சாம்பல் எங்கே போகிறது என்று கேட்டேன். கிணற்றடி வாழைக்காம். மேலே போட்டது நிலத்தடி நீருக்குச் சுலபமாக இறங்கிவிடும் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இருந்துகொண்டு, அதே கிணற்றில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் அள்ளிக்கொண்டு!

தயவுசெய்து பொலித்தீன், செருப்பு, குழாய், வயர், பம்பர்ஸ் எதையும் கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு 2017 செப்டெம்பரிலிருந்தே தடை இருக்கிறது. உக்காததைப் பிரித்துக் கட்டி வண்டிக்குக் கொடுங்கள். வண்டி பிந்தினால் மூடி வையுங்கள். நெருப்புப் பெட்டியைத் தேடாதீர்கள்.

கட்டியதை என்ன செய்வது என்று அதிபர் கேட்டார். குழாயைக் கழற்றிவிட்டுக் கழுவி, வேப்பஞ்சருகு உக்கவைக்கும் தொட்டியாக்கச் சொன்னேன். குழாய்க்குக் கொடுத்த காசுக்கு என்னிடம் பதிலில்லை.