எருக்கம்பூவுக்குள் இருக்கும் கிளிப்

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பிக் கேட்டிருந்தார்: "வீட்டு வேலியில் ஒரு கொடி தானாகப் படர்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா இதைச் சீந்தில் என்கிறார். கஷாயம் வைத்துக் குடித்தால் சர்க்கரை இறங்குமாம். குடிக்கலாமா?" படத்தில் இருந்தது உள்ளங்கையில் வைத்த ஒரே ஒரு இலை. இதய வடிவம், நீண்ட காம்பு. அவ்வளவுதான்.

செடியை அடையாளம் காட்டச் சொல்லி எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தனி இலையோடு வருகின்றன. இலைதான் முதலில் கண்ணில் படுகிறது, ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது. ஆனால் வெற்றிலைக்கும் இதய வடிவம், பூவரசுக்கும் அரசுக்கும் இதய வடிவம், சீந்திலுக்கும் வேலிப்பருத்திக்கும் அதே வடிவம். இந்த ஐந்தில் எந்த இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை இல்லை.

காரணம் எளிது. இலையின் வேலை வெளிச்சம் வாங்குவது, நீரை அளந்து செலவழிப்பது, சூட்டைத் தணிப்பது. ஒரே மாதிரி வெயிலிலும் நிழலிலும் வாழும் செடிகள், உறவே இல்லாவிட்டாலும், ஒரே மாதிரி இலைக்கு வந்து சேர்கின்றன. ஒரே கொடியிலேயே நிழலில் இருக்கும் இலை அகலமாகவும் வெயிலில் இருப்பது சிறிதாகவும் தடிப்பாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூவின் கதை வேறு. எத்தனை இதழ், மகரந்தத்தாள்கள் எங்கே ஒட்டியிருக்கின்றன, சூலகம் மேலேயா கீழேயா என்ற கட்டுமானம் விதை உண்டாவதோடு நேரடியாகப் பிணைந்தது. அதில் கை வைத்தால் பெரும்பாலும் வம்சமே நின்றுவிடும். அதனால் அது மிக மெதுவாகத்தான் மாறுகிறது. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் செடிகளை வகைப்படுத்தியபோது பூவின் மகரந்தத்தாள்களைத்தான் எண்ணினார். அவருடைய எண்ணும் முறை பிற்பாடு கைவிடப்பட்டது. பூவைப் பார்க்கும் பழக்கம் நிலைத்துவிட்டது.

அதற்காக இலையை ஒதுக்க வேண்டியதில்லை. இலையின் வடிவத்தை விட அது தண்டில் உட்கார்ந்திருக்கும் விதம் நம்பகமானது. பள்ளியில் படித்த எதிரிலை அமைவு, மாற்றிலை அமைவுதான். ஒரு கணுவில் ஒரு இலையா, நேரெதிராக இரண்டா, மூன்று சேர்ந்த வட்டமா? இலை எது, கூட்டிலையின் சிற்றிலை எது என்ற குழப்பம் வந்தால் காம்பின் அடியில் மொட்டைத் தேடுங்கள். மொட்டு இருக்கும் இடத்தில்தான் இலை தொடங்குகிறது. முருங்கையில் நாம் இலை என்று உருவுவது சிற்றிலை. மொத்த ஈர்க்கும் சேர்ந்தால்தான் ஒரு இலை.

சரி, ஈரோட்டுக் கொடி. வாசகியிடம் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொன்னேன். இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா? கணுவுக்கு எத்தனை இலை? பூவோ காயோ உண்டா? பதில் வந்தது: வெள்ளைப் பால் வடிகிறது, இலைகள் எதிரெதிர் ஜோடி, பச்சை கலந்த வெள்ளைப் பூக்கள் கொத்தாகத் தொங்குகின்றன, காய்கள் கொம்பு மாதிரி இரண்டிரண்டாக, மேலே மெத்தென்ற முள். சந்தேகமே இல்லை, அது வேலிப்பருத்தி. உத்தாமணி என்றும் சொல்வார்கள். சீந்திலில் பால் கிடையாது. இலை கணுவுக்கு ஒன்று. பூ கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு சிறியது, மஞ்சள் கலந்த பச்சை. பழம் சிவப்பு மணி. முற்றிய தண்டில் தோல் காகிதம் போல உரியும், மேலிருந்து நூல் நூலாக விழுதுகள் இறங்கும். அவரிடம் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேலிப்பருத்திக்கும் சித்த மருத்துவத்தில் இடம் உண்டு. ஆனால் ஒரு மூலிகையின் பெயரை நம்பி இன்னொன்றைக் கொதிக்க வைத்துக் குடிப்பது மருத்துவம் ஆகாது. கொரோனா காலத்தில் சீந்தில் எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவர்கள் சாப்பிட்டது சரியான இனம்தானா, அதே பேரினத்தின் வேறொரு கொடியா என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. அடையாளம் காண்பது இந்த அளவுக்கு முக்கியமான வேலை.

வேலிப்பருத்தியைப் பற்றி எழுதத் தொடங்கினால் எருக்கில் வந்து நிற்காமல் என்னால் இருக்க முடியாது. இரண்டும் ஒரே குடும்பம். எருக்கின் பூ பெரியது, தெருவோரம் எங்கும் கிடைப்பது. தமிழ்நாட்டில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் இயந்திரங்களில் இதைவிட நுட்பமான ஒன்றை நான் அறியேன்.

ஒரு பூவைப் பறித்து, பால் கையில் படாமல் துடைத்துவிட்டுப் பாருங்கள். வெளியே ஐந்து தடித்த இதழ்கள் மல்லாந்து கிடக்கின்றன. நடுவே கிரீடம் மாதிரி ஒரு தூண். அதைச் சுற்றி ஐந்து சதைப்பற்றான மடல்கள், ஒவ்வொன்றின் அடியும் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். தேன் அந்தப் பக்கம்தான் சேரும். தூணின் உச்சியில் ஐந்து மூலை கொண்ட தட்டையான தலை. பாடப்புத்தகத்து செம்பருத்தியில் மகரந்தத்தாள் தனி, சூல்முடி தனி என்று பிரித்துக் காட்டுவோம். இங்கே ஐந்து மகரந்தப் பைகளும் சூல்முடித் தலையோடு ஒட்டி ஒரே உறுப்பாகிவிட்டன. தாவரவியலில் இதற்கு கைனோஸ்டீஜியம் என்று பெயர். மகரந்தப் பொடி எங்கே என்று தேடினால் கிடைக்காது. தூண் மீது விரலைத் தேய்த்தாலும் ஒரு துகள் ஒட்டாது.

மகரந்தம் பொடியாக இல்லை. ஒவ்வொரு மகரந்தப் பையின் இரு பாதிகளிலும் நூற்றுக்கணக்கான துகள்கள் ஒன்றாக இறுகி, மெழுகு போன்ற மஞ்சள் பொட்டலமாக இருக்கின்றன. இதுதான் பொலினியம். இனி, அடுத்தடுத்த இரண்டு மகரந்தப் பைகளுக்கு நடுவே தூணில் ஒரு குறுகிய செங்குத்துப் பிளவு ஓடுகிறது. மொத்தம் ஐந்து பிளவுகள். ஒவ்வொன்றின் மேல்முனையிலும் கருப்பட்டி நிறத்தில் ஒரு சின்னப் புள்ளி, அதுதான் கார்பஸ்குலம். அதன் நடுவே ஒரு காடி, அதாவது குறுகிய பள்ளம். துணி காயப்போடும் கிளிப் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளிப்பிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு கைகள் இறங்குகின்றன. இடது கை இடப்பக்கத்துப் பையின் பொட்டலத்தையும், வலது கை வலப்பக்கத்துப் பையின் பொட்டலத்தையும் பிடித்திருக்கின்றன. அதாவது, ஒரு ஜோடிப் பொட்டலம் ஒரே மகரந்தப் பையிலிருந்து வருவதில்லை. இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்து ஆளுக்குப் பாதி. இதை முதல் முறை லென்ஸில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்னும் குறையவில்லை.

எருக்கைத் தேடி வருவது பெரும்பாலும் தச்சுத் தேனீ. கட்டையில் துளை போட்டு வசிக்கும் பெரிய கருந்தேனீ. தேன் குடிக்கக் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு நகரும்போது அதன் காலோ வாய்ப்பகுதி மயிரோ பிளவுக்குள் சறுக்கி இறங்கும். வெளியே எடுக்க ஒரே வழி மேல்நோக்கி இழுப்பதுதான், ஏனென்றால் பிளவின் விளிம்புகள் பக்கவாட்டில் விடுவதில்லை. இழுத்தால் மயிர் நேராகக் கிளிப்பின் காடிக்குள் போய் மாட்டும். தேனீ இன்னும் வலுவாக இழுக்கும். கிளிப், இரண்டு கை, இரண்டு பொட்டலம், எல்லாம் பூவிலிருந்து கழன்று தேனீயோடு போய்விடும்.

இத்தோடு முடியவில்லை. இந்தக் குடும்பத்தின் பல செடிகளில், வெளியே வந்த கைகள் காற்றில் உலர்ந்து முறுக்கிக்கொள்கின்றன. பொட்டலங்கள் திரும்பி, அடுத்த பூவின் பிளவுக்குள் செருகக்கூடிய கோணத்துக்கு வருகின்றன. அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் தேனீ வேறு பூவுக்கு, முடிந்தால் வேறு செடிக்கே, போய்விட்டிருக்கும். தன் மகரந்தம் தன் பூவுக்கே திரும்பாமல் தடுக்க இப்படியும் ஒரு வழி! அடுத்த பூவில் கால் சறுக்கும்போது பொட்டலம் பிளவின் அடிப்பக்கமாக உள்ளே போய் அடைபடும். தேனீ இழுக்க, கை முறியும், பொட்டலம் உள்ளேயே தங்கும். அங்கேதான் சூல்முடியின் மகரந்தம் ஏற்கும் பகுதி இருக்கிறது. மகரந்தக் குழாய்கள் அங்கிருந்து கிளம்புகின்றன.

வலுவில்லாத பூச்சிக்கு இது ஆபத்தான பூ. எருக்கின் அமெரிக்க உறவுச் செடிகளில் தேனீக்கள் மாட்டிக்கொண்டு காலை இழப்பதும், இழுக்க முடியாமல் அங்கேயே சாவதும் நன்கு அறியப்பட்டவை.

காயைப் பார்த்தால் இந்த இயந்திரத்தின் கணக்குப் புரியும். எருக்கில் சூலகம் இரண்டு, கீழே தனித்தனி, மேலே சூல்முடித் தலையில் மட்டும் சேர்ந்தவை. அதனால்தான் ஒரே பூவிலிருந்து ஜோடிக் காய்கள் வருகின்றன. சில நேரம் ஒன்று மட்டும் தேறும். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டை விதைகள், தலையில் பட்டுக் குடுமி. சிறுவர்கள் 'தாத்தா பூச்சி' என்று ஊதிப் பறக்க விடுவது இதைத்தான். பொடியாகச் சிதறும் மகரந்தத்தை நம்பும் செடிக்கு ஒரு வருகையில் இத்தனை விதை கிடைப்பது அரிது. ஒரு பொட்டலம் சரியாகச் செருகினால் ஒரு காய்க்கு வேண்டிய மகரந்தம் மொத்தமாக வந்துவிடுகிறது. அதனால் ஒரு காயின் விதைகள் பெரும்பாலும் ஒரே தாய், ஒரே தந்தை.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் இந்தக் கட்டுமானத்தில் மயங்கியவர். 1810இல் எருக்குக் கூட்டத்தை அரளிக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனிக் குடும்பமாக்கினார். பிறகு ஆர்க்கிட்களிலும் எருக்குக் கூட்டத்திலும் கருவுறுதல் எப்படி நடக்கிறது என்று நுண்ணோக்கியில் தேடினார். இரண்டிலும் பொட்டல மகரந்தம், ஆனால் இரண்டும் தொடர்பே இல்லாமல் தனித்தனியாக அங்கே வந்து சேர்ந்தவை. 1831இல் அவர் வாசித்த அந்த ஆய்வுக் கட்டுரையில்தான் செல்லுக்குள் இருக்கும் உட்கருவுக்கு 'நியூக்ளியஸ்' என்ற பெயர் முதன்முதலில் வருகிறது. எந்த உடனடிப் பயனும் இல்லாத பூ ஆராய்ச்சி கொண்டுவந்து கொடுத்தது உயிரியலின் அடிப்படைச் சொல் ஒன்றை.

இதைச் சொல்லும்போது ஒரு ஆதங்கம் வருகிறது. தாவரவியலாளர் கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரத் தொகுப்பு 1915க்கும் 1936க்கும் இடையில் வந்தது. இன்றும் களத்தில் சந்தேகம் வந்தால் அதைத்தான் புரட்டுகிறோம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஒட்டிய தாள்களும் அங்கே உண்டு. செடிகளை அடையாளம் கண்டு பெயரிடும் இந்த வேலையில் சேரும் இளைஞர்களுக்கு நிரந்தர வேலையும் களப்பயணத்துக்குப் பணமும் தர நாம் தயங்குகிறோம். கைபேசியில் கூகுள் லென்ஸ் இருக்கிறதே என்பார்கள். அது சொல்லும் பெயருக்குப் பின்னால் யாரோ ஒருவர் பூவைப் பிரித்துப் பார்த்துப் பெயர் எழுதிய படங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் போனால் இயந்திரம் யாரிடம் கற்கும்?

இன்னொன்று, வெள்ளெருக்கு. ஊதா எருக்கும் வெள்ளை எருக்கும் ஒரே இனம், நிறமி மட்டும்தான் வேறு. வெள்ளெருக்கு முளைத்த இடத்தில் புதையல் இருக்கும், அதன் வேரில் செய்த பிள்ளையார் வீட்டுக்குச் செல்வம் சேர்ப்பார் என்று சொல்லி நல்ல விலைக்கு விற்கிறார்கள். வழிபடுகிறவர்களின் பக்தியை நான் மதிக்கிறேன். இல்லாத சக்தியைச் சொல்லிக் கஷ்டப்படுகிறவர்களிடம் காசு பிடுங்குவதை மதிக்க முடியாது. பூவின் நிறம் அடையாளத்துக்கு மிகப் பலவீனமான சாட்சி என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அரளியில் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு எல்லாம் உண்டு, மூன்றும் அரளிதான்.

பிரௌன் பிரித்த இரண்டு குடும்பங்களையும் 1998இல் மரபணு ஆதாரத்தோடு மறுபடி ஒன்றாக்கிவிட்டார்கள். பூக்களை வரிசையாக வைத்தால் ஏன் என்று புரியும். நித்திய கல்யாணியிலும் அரளியிலும் மகரந்தம் சாதாரணப் பொடி. நன்னாரியில் கிளிப் இல்லை. கரண்டி வடிவத் தகடு ஒன்றில் மகரந்தம் சேர்ந்திருக்கும், அதன் அடியில் பூச்சிமேல் ஒட்டிக்கொள்ளப் பசை. எருக்கு, வேலிப்பருத்தி, சிறுகுறிஞ்சான், நஞ்சறுப்பான் என்று வந்தால் முழுக் கிளிப். இலையைப் பார்த்து இவற்றைச் சேர்க்கவே முடியாது: எருக்கில் எதிரெதிர், அரளியில் பெரும்பாலும் மூன்று மூன்றாக, மஞ்சள் அரளியில் மாற்றி மாற்றி. பால் மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது, கள்ளிக்கும் ஆலுக்கும் பால் உண்டு.

கிளிப்பை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். புதிதாக விரிந்த எருக்கம்பூ, ஒரு மெல்லிய ஊசி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். ஊசிமுனையைப் பிளவின் அடியில் வைத்து மெதுவாக மேலே இழுங்கள். கறுத்த புள்ளியில் ஊசி மாட்டும்போது ஒரு சின்னத் தடை தெரியும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் ஊசிமுனையில் இரண்டு மஞ்சள் பொட்டலங்கள் தொங்கும். குழந்தைகளோடு செய்தால் ஊசியைப் பெரியவர்கள் பிடியுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும், அதனால் முடித்த கையோடு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதுவரை முகத்தைத் தொடாதீர்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.