சொல் விளக்கம்: ஆசுவாசம்

‘சற்று ஆசுவாசப்படுத்திக்கொண்டு மறுபடியும் பேசத் தொடங்கினார்.’ தமிழ்த் தொடர்கதை படித்துப் பழகியவர்களுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. ஓடிவந்தவர், அழுது ஓய்ந்தவர், கெட்ட செய்தியைக் கேட்டு நிலைகுலைந்தவர் என்று யாராக இருந்தாலும் அடுத்த வரியில் ஆசுவாசப்படுத்திக்கொள்வார்கள். பேச்சில் இப்போது ‘ரிலாக்ஸ்’, ‘கூல்’, ‘டென்ஷன் ஆகாதே’ ஆகியவை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனாலும் எழுத்தில் ஆசுவாசம் இன்னும் நிற்கிறது. அதன் பொருள் என்ன என்று கேட்டால் பலரும் ‘ஓய்வு’, ‘அமைதி’, ‘நிம்மதி’ என்பார்கள். மூன்றுமே பக்கத்துப் பொருள்கள்தான், நேர்ப்பொருள் அல்ல.

இது வடசொல். ‘ச்வஸ்’ என்ற வேருக்கு மூச்சுவிடுதல் என்று பொருள். அதனோடு ‘ஆ’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் ஆச்வாசம்: நின்றுபோன அல்லது தடுமாறிய மூச்சு மீண்டும் சீராக வருவது. அங்கிருந்துதான் தேறுதல், ஆறுதல் என்ற பொருள்கள் கிளைத்தன. சுவாசம் இதே வேர். நிசுவாசம் என்கிற பெருமூச்சும் இதே வேர். விசுவாசமும் இதே குடும்பம் என்பதுதான் பலருக்கு வியப்பாக இருக்கும். யாரிடம் இருக்கும்போது அச்சமின்றி மூச்சுவிட முடிகிறதோ அவர்மேல் வைப்பது விசுவாசம். நம்பிக்கை என்ற பொருள் அப்படி வந்தது.

தெலுங்குக் காவியங்களில் இயலுக்குப் பெயரே ஆச்வாசம். ‘முதல் ஆச்வாசம், இரண்டாம் ஆச்வாசம்’ என்றுதான் பகுத்திருப்பார்கள். பிராகிருதக் காவியமான சேதுபந்தமும் அப்படியே. சொல்லுகிறவரும் கேட்கிறவரும் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம் என்று எடுத்துக்கொண்டால் பொருத்தமான பெயர்தான். மலையாளத்தில் இந்தச் சொல் அன்றாடப் பேச்சிலேயே இருக்கிறது. ‘இப்போ ஆச்வாசமாயி’ என்றால் ‘அப்பாடா’ என்று பொருள்.

எழுத்துக்கூட்டல்பற்றி ஒரு வார்த்தை. ஈச்வரன் ஈசுவரன் ஆனதுபோல, மெய்யும் மெய்யும் மோதும் இடத்தில் தமிழ் ஓர் உகரத்தை நுழைத்து ஆசுவாசம் ஆக்கிக்கொண்டது. ‘ஆசு + வாசம்’ என்று பிரித்துப் பொருள் தேடக் கூடாது. ஆசுகவியில் இருக்கும் ‘ஆசு’ விரைவைக் குறிக்கும் வேறு சொல். ‘ஆயாசம்’ என்பதையும் இதனோடு குழப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ‘ஆயாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தான்’ என்று நிம்மதியைச் சொல்ல நினைத்து எழுதுகிறார்கள். ஆயாசம் என்றால் களைப்பு, அயர்ச்சி. களைப்பே இல்லாமல் ஒன்றைச் செய்வதுதான் அநாயாசம். ஆக, ஆயாசம் தீர்ந்தால் வருவது ஆசுவாசம்.

பதற்றத்துக்கும் மூச்சுக்கும் இருக்கும் உறவை மொழிகள் எப்போதோ கண்டுகொண்டன. ஆங்கிலம் சொல்லும் ‘ஆங்சைட்டி’யின் இலத்தீன் மூலம் ‘ஆங்கெரே’. குரல்வளையை நெரித்தல், இறுக்குதல் என்பது அதன் பொருள். நெஞ்சுவலியைக் குறிக்கும் ‘ஆஞ்சைனா’வும் அதன் உறவுதான். தமிழிலும் ‘மூச்சு முட்டுது’, ‘நெஞ்சை அடைக்குது’, ‘தொண்டை அடைச்சுப்போச்சு’ என்றுதானே சொல்கிறோம்? நெரிபடுவது ஒரு முனை என்றால், ஆசுவாசம் அதன் மறுமுனை.

உடலுக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். பதற்றம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேல்மார்போடு நின்று சிறிதாகவும் அடிக்கடியும் வருகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சுவிடுவார். அதைவிட வேகமாக, தேவைக்கு மேல் மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. தலை லேசாகிறது, விரல்நுனியும் உதடும் மரத்துப்போகின்றன. மூச்சு போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக இழுப்பதால் நிலைமை மேலும் மோசமாகிறது. பதறுகிறவரிடம் ‘நன்றாக மூச்சை இழு’ என்று சொல்வதைவிட ‘மெதுவாக விடு’ என்று சொல்வதே சரி. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று விரைவதும், வெளியே விடும்போது சற்றுத் தணிவதும் எல்லோர் உடலிலும் நடப்பது. வெளிமூச்சை நீட்டினால் தணிகிற நேரம் நீள்கிறது. மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடலாம். சில நிமிடம் இப்படிச் செய்தால் போதும். தலை சுற்றுவதுபோல் இருந்தால் எண்ணுவதை விட்டுவிட்டு இயல்பாக மூச்சுவிட வேண்டும், அவ்வளவுதான்.

பெருமூச்சைத் தமிழில் துயரத்தோடு மட்டுமே சேர்த்துவைத்துவிட்டோம். ‘ஏன் பெருமூச்சு விடுகிறாய்?’ என்று அதட்டுவதும் உண்டு. உண்மையில், நாம் அறியாமலே ஒரு மணி நேரத்தில் பல தடவை பெருமூச்சு விடுகிறோம். சுருங்கிப்போன நுரையீரல் காற்றறைகளை அதுதான் மீண்டும் விரிக்கிறது. ஆசுவாசம் என்பதன் வேர்ப்பொருளுக்கு மிக அருகில் நிற்கும் தமிழ்ச்சொல் இதுதான் என்பது என் கட்சி. ஆனால் அது ஏற்கெனவே சோகத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்த சொல், மீட்பது கடினம்.

சரி, இணையான தமிழ்ச்சொல் எது? ‘இளைப்பாறுதல்’ என்று பலர் எழுதுகிறார்கள். நல்ல சொல். ஆனால் இளைப்பு என்றால் களைப்பு. நடந்து வந்தவர் இளைப்பாறலாம். இரவு முழுக்க ‘என்ன ஆகுமோ’ என்று புரண்டவரிடம் இளைப்பாறு என்றால் அது அவர் நோவைத் தொடாது. அவர் உடல் படுத்துத்தான் இருக்கிறது. ‘அமைதிப்படுத்துதல்’ கூட்டத்துக்கும் வகுப்பறைக்கும் பொருந்தும் அளவுக்கு ஒரு தனிமனிதரின் நெஞ்சுக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. பதறும்போது யாராவது ‘அமைதியாக இரு’ என்று சொன்னால் எரிச்சல்தான் வருகிறது.

நான் முன்வைப்பது ‘ஆற்றிக்கொள்ளுதல்’. இதன் அடி ‘ஆறு’. சூடு ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, மனம் ஆறுகிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதன் உறவுச்சொற்கள் தீ அணைவதையும் ஈரம் உலர்வதையும் குறிக்கின்றன. ‘ஆறுவது சினம்’ என்று ஔவை சொன்னதும் இந்த ஆறுதான். சினம் அடக்கப்பட வேண்டியது என்று அங்கே சொல்லவில்லை, ஆற வேண்டியது என்று சொல்லியிருக்கிறது. ஆறு தன்வினை, ஆற்று பிறவினை. முதலாவது தானாக நடப்பது, இரண்டாவது நாம் செய்வது. பதற்றத்துக்கு இரண்டுமே உண்டு. திடீரென்று வரும் கடும் பீதி பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கத் தொடங்கும், அது ஆறுவது. அதுவரை முகத்தில் குளிர்ந்த நீரை அடித்துக்கொள்வதும், தோள், கை, தாடை என்று ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்துவதும் ஆற்றுவது. தசையைத் தளர்த்தும் இந்த முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929-இல் நூலாகவே எழுதினார். இறுக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் தளர்வு எப்படி இருக்கும் என்று உடலுக்குப் புரியும் என்பது அவர் வழி. குளிர்ந்த நீர் வேலைசெய்வதற்கும் காரணம் உண்டு. முகம் குளிர்ந்த நீரில் பட்டால் இதயத்துடிப்பைக் குறைக்கும் ஓர் அனிச்சைச் செயல் நம் உடலில் இருக்கிறது. இதயக்கோளாறு உள்ளவர்கள் மட்டும் பனிக்கட்டிவரை போகாமல் இருப்பது நல்லது.

‘ஆற்று’ என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு: பொறுத்தல். ‘ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல்’ என்ற குறளில் (225) பசியாற்றல் என்பது தன் பசியைத் தாங்கிக்கொள்வது. இன்று பசியாற்றுதல் என்றால் உணவு கொடுத்துப் பசியைத் தீர்ப்பது. ஒரே சொல், தாங்குவதும் தீர்ப்பதும். பிரிவாற்றாமை என்ற அதிகாரப் பெயரிலும் தாங்குதல்தான் பொருள். பதற்றத்துக்கு இந்த இருபொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. பதற்றத்தை உடனே விரட்டியாக வேண்டும் என்று முண்டுகிறவர்களுக்கு அது கூடத்தான் செய்கிறது. ‘வந்திருக்கிறது, இருக்கட்டும், இறங்கும்’ என்று தாங்கியபடி மூச்சைக் கவனிக்கிறவர்களுக்குத் தணிகிறது. ஆசுவாசம் என்ற வடசொல்லில் இந்தத் தாங்கும் பொருள் இல்லை. இந்த இடத்தில் தமிழ்ச்சொல்லே கூடுதலாகச் சொல்கிறது.

ஆறுதலோடு எப்போதும் சேர்ந்து வரும் சொல் தேறுதல். ‘ஆறுதல் தேறுதல் சொல்ல ஆளில்லை’ என்பது வழக்கு. இரண்டும் ஒன்றல்ல. ஆறுதலில் சூடு தணிகிறது, தேறுதலில் கலங்கல் தெளிகிறது. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் விதைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். அதனால் தெளிந்த நீரைப் போலத் தலைவி தெளிந்தாள் என்று கலித்தொகை உவமை சொல்கிறது. மனம் கலங்கியது, மனம் தெளிந்தது என்று நாம் சொல்வதெல்லாம் இந்த நீரிலிருந்து வந்தவைதான். பல வேலைகளும் கவலைகளும் ஒன்றாகக் குவிந்து திணறும்போது மூச்சுப்பயிற்சி மட்டும் உதவாது, தெளிய வேண்டும். தலைக்குள் சுற்றுவதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, இன்று என் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரிப்பது, ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று உணர்ச்சிக்குப் பெயர் வைத்துச் சொல்வது, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளை, தொட முடிகிற நான்கை, காதில் விழும் மூன்றை, மூக்குக்கு எட்டும் இரண்டை, நாவில் உணரும் ஒன்றை எண்ணி மனத்தை இந்த இடத்துக்குக் கூட்டிவருவது எல்லாம் தேற்றிக்கொள்ளும் வேலைகள். நெஞ்சு படபடக்கும் உச்சத்தில் பட்டியல் போட உட்கார்ந்தால் எழுத்தே ஓடாது. முதலில் ஆற்றிக்கொள்ள வேண்டும், பிறகுதான் தேற்றிக்கொள்வது.

ஆகவே மூச்சு வாங்க நிற்பவருக்கு ஆசுவாசம், கொதிப்பவருக்கும் படபடப்பவருக்கும் ஆறுதல், குழம்பியவருக்குத் தேறுதல் என்று எழுதலாம். ஆசுவாசம் வடசொல் என்பதற்காக அதை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மூச்சு மீண்டும் சீராவதை நேரடியாகச் சொல்லும் சொல் நமக்கு வேறு இல்லை.

கடைசியாக, ‘ஆற்றுப்படுத்துதல்’. மனநல ஆலோசனைக்கு இன்று இந்தச் சொல் வழங்குகிறது, ஆலோசகரை ஆற்றுப்படுத்துநர் என்கிறோம். மனத்தை ஆற்றுகிறவர் என்பதால் இந்தப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். இது வேறு ஆறு: வழி என்ற பொருளுடையது. பரிசில் பெற்றவர் பெறாதவரை வள்ளலிடம் வழிப்படுத்தும் பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகளில் இருப்பதும் அதுவே. பதற்றம் வாரக்கணக்கில் விடாமல் தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் ஆற்றுப்படுத்துநரிடமோ மனநல மருத்துவரிடமோ போக வேண்டும். நெஞ்சுவலியோடு மூச்சுத்திணறல் புதிதாக வந்தால் அதைப் பதற்றம் என்று நாமே முடிவுகட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.