தளம் பிடித்தாரா, சேர்ந்தாரா?

அமெரிக்க பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் ‘அடிப்படைச் சதவீதத்தில்’ முதலிடம் வகிப்பவராம். பேஸ்பால் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இந்தச் சொல் மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தின் ‘ஆன்-பேஸ் பெர்சென்டேஜ்’ இப்படி ஆகியிருக்கிறது. எதற்கு அடிப்படை? எழுதியவருக்கே தெரிந்திருக்காது.

‘பேஸ்’ என்பதன் மூலம் கிரேக்கத்தின் ‘பாசிஸ்’: அடியெடுத்து வைப்பது, கால் ஊன்றும் பீடம். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. மைதானத்தில் அது தரையோடு பதித்த ஒரு திண்டு. அதற்குத் தளம் என்ற சொல் போதும். ஆட்டக்காரர் மட்டையால் அடித்தோ, நான்கு தவறான பந்துகளை விட்டுவிட்டு ‘நடை’ பெற்றோ, உடம்பில் பந்து பட்டோ முதல் தளத்துக்குப் போகலாம். இம்மூன்றின் கூட்டுத்தொகையை அவருக்குக் கிடைத்த வாய்ப்புகளால் வகுத்தால் வருவதுதான் இந்த அளவு. வில்லியம்ஸுக்கு 0.482. இதைச் சதவீதம் என்பது ஆங்கிலத்தின் பிழை. அதையும் நாம் சுமக்க வேண்டியதில்லை. விகிதம் என்றாலே சரி.

‘அடிப்படை’யை விட்டவர்கள் அடுத்துப் பிடித்துக்கொண்டது ‘தளப்பிடிப்பு விகிதம்’. கேட்க மிடுக்காக இருக்கிறது, ஆட்டத்துக்குத்தான் பொருந்தவில்லை. 2004-இல் பாரி பாண்ட்ஸ் என்ற மட்டையாளர் 232 நடைகள் பெற்றார். அவற்றில் 120, எதிரணி அவருக்குப் பந்து வீசவே அஞ்சி வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தவை. அந்த ஆண்டு அவருடைய விகிதம் 0.609. தட்டில் வைத்துத் தந்ததை எப்படிப் ‘பிடிப்பது’? போதாக்குறைக்கு, பந்தைப் பிடித்தால் ஆட்டக்காரர் வெளியேறுகிறார். ‘பிடி’ என்ற சொல் ஏற்கெனவே எதிரணியின் கையில் இருக்கிறது.

ரிக்கி ஹென்டர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 2,190 நடைகள், 1,406 தளத் திருட்டுகள். பந்து வீச்சாளர் கண்ணயர்ந்த நொடியில் அடுத்த தளத்துக்குப் பாயும் அந்தத் திருட்டுதான் உண்மையான பிடிப்பு. முதல் தளத்துக்கு வந்து சேரும் பொறுமை வேறு வித்தை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அவரைப் பற்றி ஒரு வரி உருப்படியாக எழுத முடியாது. எடி யோஸ்ட் நிலைமை இன்னும் மோசம். அடித்தே தளம் சேர்ந்த அளவைக் காட்டும் மட்டைச் சராசரி வெறும் 0.254, ஆனால் 1,614 நடைகளால் விகிதம் 0.394-க்கு ஏறியது. ‘நடக்கும் மனிதர்’ என்றே அவரை அழைத்தார்கள். யோஸ்ட் எதையும் பிடிக்கவில்லை. கெட்ட பந்தை அடிக்காமல் நின்றார், அவ்வளவுதான்.

ஆகவே ‘தளம்சேர் விகிதம்’. வீடு சேர்ந்தான், கரை சேர்ந்தான் என்கிறோம். எப்படிச் சேர்ந்தான் என்பதை அந்த வினை கேட்பதில்லை. தடுப்பாளரின் பிழையால் தளத்துக்கு வந்தால் கணக்கில் வராது என்று ஒருவர் ஆட்சேபித்தார். உண்மைதான். ஆனால் அந்த விதிவிலக்கை ஆங்கிலச் சொல்லும் காட்டுவதில்லை. ‘தளம்’ தூய தமிழா என்று கிளம்புகிறவர்கள், முதலில் அந்த ‘அடிப்படைச் சதவீத’த்தில் சதவீதம் எந்த ஊர்ச் சொல் என்று சொல்லட்டும்.

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு ஆட்டத்தையாவது முழுதாகப் பார்க்கலாம். அகராதியைத் திறந்து முதலில் கிடைத்ததை ஒட்டுவதால்தான் ‘நடை’ சில இடங்களில் நடைப்பயிற்சியாகிவிட்டது.

ஆட்டக்காரரைத் ‘தளம் சேர்பவர்’ என்று எழுதுங்கள். அச்சில் ஒரு ‘ப்’ நுழைந்து ‘சேர்ப்பவர்’ ஆனால், அவர் மைதானத்தில் திண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கும் பணியாளர் ஆகிவிடுவார்.