ரெசிலியன்ஸ்: விடாமுயற்சி இல்ல, மீண்டெழல்

ஒரு சின்னப் பையனோ பொண்ணோ அடிபட்டு மிதிபட்டு ஆளாகுற நாவலப் பத்தி எழுதும்போது ரெசிலியன்ஸ், பெர்சிவியரன்ஸ்ங்கிற ரெண்டு இங்கிலீஷ் சொல்லுக்குமே ‘விடாமுயற்சி’ன்னு போட்டுட்டுப் போயிடுறாங்க. ரெண்டும் வேற வேற, கலந்தா கதையே மாறிடும்.

ரெசிலியன்ஸுக்கு வேர் லத்தீன் ‘ரெசிலிரே’, எகிறித் திரும்புறதுன்னு அர்த்தம். 19ஆம் நூற்றாண்டு இன்ஜினியருங்க மரம், இரும்பெல்லாம் அடியத் தாங்கிக்கிட்டு பழைய வடிவத்துக்குத் திரும்புற தன்மைக்கு இந்தச் சொல்ல வச்சாங்க, மனசுக்கு சைக்காலஜிக்காரங்க இத பரவலா எடுத்துக்கிட்டது அதுக்கு ரொம்பப் பின்னாடி. பெர்சிவியரன்ஸுக்குள்ள இருக்கிறது ‘செவெருஸ்’, அதாவது கறார். கறாரா ஒண்ணப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது. இதுக்கு விடாமுயற்சி சரியா பொருந்துது.

இங்கிலீஷ் எழுத்தாளர் டிக்கன்ஸ் 1849-50ல மாசாமாசம் பகுதி பகுதியா வெளியிட்ட ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவல எடுத்துக்குங்க. அம்மாவும் செத்ததும் மாற்றாந்தகப்பன் 10 வயசுப் பையன் டேவிட லண்டன்ல பாட்டில் கழுவுற குடோனுக்கு அனுப்பிடுறான் (டிக்கன்ஸே 12 வயசுல ஷூ பாலிஷ் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுனவர், அப்பா கடனுக்காக ஜெயில்ல, அதான் அந்தப் பக்கமெல்லாம் நெஞ்ச அடைக்குது). அங்கருந்து தப்பிச்சா பொட்டியும் காசும் திருட்டுப்போகுது, டோவர்ல இருக்கிற அப்பாவோட அத்தையத் தேடி நடந்தே கிளம்புறான். வழியில கோட்ட விக்கப் போனா கடைக்காரக் கிழவன் காசு தராம கத்துறான், பையன் மணிக்கணக்கா வாசல்லயே உக்காந்து அரை பென்னி அரை பென்னியா வாங்கிட்டு மேல நடக்குறான். இது ரெசிலியன்ஸ். எதையும் சாதிக்கணும்னு இல்ல, உடைஞ்சு போகல, அவ்வளவுதான்.

வளந்தப்புறம் அத்தையோட சொத்து கைவிட்டுப் போக, சம்பாதிக்க ஷார்ட்ஹேண்ட் கத்துக்குறான். ராத்திரி ஃப்ரெண்டு பார்லிமென்ட் பேச்ச உரக்கப் படிக்க இவன் எழுதுறான், எழுதுனத இவனாலயே திருப்பிப் படிக்க முடியல, சரின்னு அதே பாதையில மொதல்லேருந்து திரும்ப நடக்குறான். இது பெர்சிவியரன்ஸ்.

வள்ளுவர் இந்த ரெண்டையும் கலக்கவே இல்ல. 62ஆவது அதிகாரம் ஆள்வினையுடைமை, அதுதான் விடாமுயற்சி. அடுத்ததே இடுக்கண் அழியாமை, துன்பம் வந்தா மனசு அழிஞ்சுபோகாம இருக்கிறது, இதவிட நல்ல விளக்கம் நான் எங்கயும் பாத்ததில்ல. ‘மடுத்தவா யெல்லாம் பகடன்னான் உற்ற இடுக்கண் இடர்ப்பாடு உடைத்து’: தடைப்பட்ட எடத்துலயெல்லாம் வண்டிய இழுத்துக்கிட்டுப் போற எருது மாதிரி இருக்கிறவன்கிட்ட வந்தா, துன்பத்துக்கே துன்பமாம்!

இப்ப புழக்கத்துல ‘மீள்திறன்’னு ஒரு சொல் இருக்கு. ரப்பர், ஸ்பிரிங்குக்கு அது போதும். ஆனா டோவர் போய்ச் சேர்ந்த டேவிட் பழைய வடிவத்துக்குத் திரும்பல, கிழிஞ்ச சட்டையோட அத்தை முன்னாடி நின்னவன் வேற ஆளு. அதனால நாவல் பத்தின்னா நான் ‘மீண்டெழல்’னுதான் எழுதுவேன். மீள்றதுல தப்பிச்சு வர்றதும் இருக்கு, எழுறதுல வளர்றதும் இருக்கு. பேச்சுலன்னா அதுவும் வேணாம், ‘தாக்குப்பிடிச்சு எந்திரிச்சு வந்துட்டான்’னு சொன்னா யாருக்கும் புரியும்.