புரோக்னோசிஸ்: முன்கணிப்பு சரி, 'ஆயுள் கணிப்பு' ஏன் தவறு?

பெரியம்மாவுக்கு 82 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு மேல்முனையில் முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் கையெழுத்துக்காகத் தமிழில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் நான்காவது வரி 'ஆயுள் கணிப்பு'. பக்கத்தில் நீல மையில் 'கவலைக்குரியது'. மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதான் ஆயுளைக் கணிச்சுட்டாங்களே, அப்புறம் எதுக்குப்பா கத்தி வைக்கணும்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார். அவரைச் சம்மதிக்க வைக்க அரை நாள் ஆனது. 'புரோக்னோசிஸ்' என்ற மருத்துவச் சொல்லுக்கு இந்த மொழிபெயர்ப்பை எத்தனையோ கையேடுகளில் பார்த்து எரிச்சலோடு கடந்திருக்கிறேன். இந்த முறை முடியவில்லை.

புரோக்னோசிஸ் கிரேக்கச் சொல். 'புரோ' என்றால் முன், 'க்னோசிஸ்' என்றால் அறிதல். பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் ஒன்றுக்கு இதுவே தலைப்பு. நோய் எப்படிப் போகும், தேறுவாரா, எவ்வளவு தேறுவார் என்பதை முன்கூட்டி மதிப்பிடுவது இதன் பொருள். தமிழில் 'முன்கணிப்பு' இருக்கிறது. போதும்.

'ஆயுள் கணிப்பு' ஏன் கூடாது? ஆயுள் வடசொல் என்பதற்காக நான் எதிர்க்கவில்லை. 'வாழ்நாள் கணிப்பு' என்று மாற்றி எழுதினாலும் குற்றம் அதேதான். நம் பேச்சில் ஆயுள் என்பது எழுதி வைத்த ஒன்று. 'ஆயுசு கெட்டி' என்கிறோம், 'அவருக்கு அவ்வளவுதான் ஆயுசு' என்கிறோம். அதோடு 'கணிப்பு' சேர்ந்ததும் ஜாதகக் கட்டம்தான் கண்ணில் வருகிறது. மருத்துவர் கெடு வைத்துவிட்டார், நாள் குறித்துவிட்டார் என்றே வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். எழுதியதை யாரால் மாற்ற முடியும்?

முன்கணிப்போ மாறக்கூடியது. இங்கிலாந்தில் நாட்டிங்காம் மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறையைப் பாருங்கள். இதே முறிவோடு வரும் முதியவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அது மதிப்பிடுகிறது. மொத்தம் 10 மதிப்பெண். வயதுக்கு மட்டும் 4 வரை. ஆண் என்றால் ஒன்று கூடும். மருத்துவமனையில் சேரும்போது ஹீமோகுளோபின் 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஒன்று, நினைவுத் திறன் குறைந்திருந்தால் ஒன்று, முதியோர் இல்லத்திலிருந்து வந்தால் ஒன்று. கூடவே இரண்டு அல்லது அதற்கு மேல் வேறு நோய்கள், புற்றுநோய் ஆகியவற்றுக்கும் ஒவ்வொன்று. கூடக்கூட ஆபத்து கூடுகிறது. இது ஒரே மாதிரி நிலையில் வந்த பலரைப் பார்த்துப் போட்ட கணக்கு. இந்தப் பெரியம்மாவின் ஆயுள் அதில் எங்கேயும் இல்லை. யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த எண். ரத்தம் குறைவா, ஏற்றலாம். மருத்துவமனையில் சேர்ந்த அன்றோ மறுநாளோ அறுவையை முடித்துவிட வேண்டும் என்று பிரிட்டன் வழிகாட்டுதல் சொல்கிறது. முடிந்த மறுநாளே எழுப்பி நடக்க வைக்கவும் சொல்கிறது. அப்படிப்பட்ட அவசரத்தில் ஒரு தவறான சொல்லால் அரை நாள் போனதுதான் என் வருத்தம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரு நாட்டில் பிறக்கும் குழந்தை சராசரியாக எத்தனை ஆண்டு வாழும் என்பதற்கு 'ஆயுட்காலம்' என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. காப்பீட்டிலும் ஆயுள் இருக்கிறது. மூன்றையும் ஒரே சொல்லில் திணிப்பானேன்?

சிலர் 'ஆரூடம்' என்றும் எழுதுகிறார்கள். அதை விவாதிக்கக்கூடத் தேவையில்லை.

நம்மிடம் இந்தக் கருத்தே இல்லாததுபோல மொழிபெயர்ப்பாளர்கள் தடுமாறுவதுதான் வியப்பு. 'உற்றான் அளவும் பிணியளவும் காலமும் கற்றான் கருதிச் செயல்' என்கிறது 949ஆம் குறள். நோயாளியின் நிலை, நோயின் நிலை, காலம்: முன்கணிப்புக்கு வேண்டிய மூன்றும் அதில் இருக்கின்றன. கடைசிச் சொல் 'செயல்' என்பதையும் கவனியுங்கள். பிணியளவுக்கு உரை எழுதும் பரிமேலழகர் சாத்தியம், அசாத்தியம், யாப்பியம் என்று பிரிக்கிறார். குணமாகும், ஆகாது, தீராவிட்டாலும் மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம் என்று பொருள். மூன்றாவது வகைக்குத் தனிப்பெயர் இருந்த மொழி இது! அகராதியைப் புரட்டி முதலில் கிடைத்ததை ஒட்டுகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. எழுதியதை ஒரு நோயாளியின் மகளிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்பதும் இல்லை.

அதே படிவத்தில் 'இடுப்பெலும்பு முறிவு' என்றும் இருந்தது. உண்மையில் முறிந்தது தொடை எலும்பின் மேல்முனை, கழுத்துப் பகுதி. 'தொடை எலும்புக் கழுத்து முறிவு' என்றால் எங்கே உடைந்தது என்று கை வைத்தே காட்டலாம். பெரியம்மா இடுப்பைத் தடவிப் பார்த்து, "இங்க வலிக்கலியே" என்றார்.

அந்த நான்காவது வரியை இப்படி எழுதலாம். 'முன்கணிப்பு: இதே நிலையில் வரும் நூறு பேரில் ஒரு மாதத்துக்குப் பிறகு நலமாக இருப்பவர்கள் ஏறத்தாழ ____ பேர். இதைக் கூட்ட நாங்கள் செய்யப்போவது ____.' இரண்டாவது கோட்டை மட்டும் சற்று நீளமாக விடுங்கள்.