இருகண் முறைக்காட்சி: பைனாகுலர் ரைவல்ரிக்குப் ‘போட்டி’ என்ற சொல் ஏன் பொருந்தவில்லை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் அண்மையில் நடந்த ஒரு கண் பரிசோதனை முகாமில் தமிழில் அச்சிட்ட துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். மாறுகண் உள்ள குழந்தையைக் காலத்தில் கவனிக்காவிட்டால் ‘தொலைநோக்கிப் பார்வை’ அமையாது என்று அதில் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு தாய், தன் மகனுக்குத் தூரத்துப் பேருந்தின் பலகைகூட நன்றாகத் தெரிகிறதே என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் மேல் பிழையில்லை. ஆங்கிலத்துப் ‘பைனாகுலர் விஷன்’ என்பதில் பைனாகுலர் என்ற சொல்லைக் கண்டதும், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கருவியைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வராத மொழிபெயர்ப்பாளர் மேல்தான் பிழை.

இலத்தீனில் ‘பீனி’ என்றால் இரண்டிரண்டாக. ‘ஒக்குலுஸ்’ என்றால் கண். இரு கண்களுக்கும் உரியது என்பதே சொல்லின் பொருள். ஆகவே தமிழில் ‘இருகண் பார்வை’ போதும். மலையாளத்தில் ‘துவிநேத்ர தர்சனம்’ என்பார்கள்; அங்கே அது இயல்பாக நிற்கிறது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால், தரிசனம் என்ற சொல்லைக் கோயில் வாசலில் மட்டுமே கேட்டிருக்கும் நம் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் கண்கள் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதால், ஒரே பொருளின் சற்றே வேறுபட்ட இரண்டு காட்சிகள் மூளைக்குச் செல்கின்றன. அவை பெருமூளைப் புறணியின் பின்பகுதியில் ஒன்றுசேர்கின்றன. அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்துதான் ஆழம் தெரிகிறது என்பதை 1838இல் ஆங்கிலேய இயற்பியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் ஸ்டீரியோஸ்கோப் என்ற தம் கருவியால் காட்டினார். ஆங்கிலத்தில் ஃபியூஷன் எனப்படும் இந்தச் சேர்க்கைக்கு ‘இணைவு’ என்பதே நல்ல சொல். ‘உருகல்’ என்று எழுதுகிறவர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிட்டவர்கள்.

இதுவரை பெரிய வழக்கில்லை. வழக்கு, இரண்டு கண்களுக்கும் சற்றும் ஒவ்வாத காட்சிகளைக் காட்டும்போது நேர்வதற்கு என்ன பெயர் என்பதில்தான் இருக்கிறது. இடக்கண்ணுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாளும் வலக்கண்ணுக்குப் பச்சைக் கண்ணாடித்தாளும் வைத்து வெள்ளைச் சுவரைப் பாருங்கள். சுவர் சிறிது நேரம் சிவப்பாக இருக்கும். பிறகு, நாம் ஒன்றும் செய்யாமலே, பச்சை பரவும். இடையில் இரண்டும் திட்டுத்திட்டாக நிற்கும். மறுபடி சிவப்பு வரும். 1593இலேயே இத்தாலியரான ஜம்பட்டிஸ்டா டெல்லா போர்ட்டா ஒவ்வொரு கண்ணுக்கு முன்னும் ஒரு நூலை வைத்துக்கொண்டு, இரண்டும் ஒருசேரப் படிக்க வராததைக் குறித்திருக்கிறார். ஆங்கிலத்தில் இதை பைனாகுலர் ரைவல்ரி என்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் கேட்பாரின்றி ‘இருவிழிப் போட்டி’ என்று எழுதிவருகிறார்கள்.

போட்டி என்றால் தமிழில் வென்றவர் ஒருவர், தோற்றவர் ஒருவர். பந்தயம் முடிந்தால் ஆட்டம் முடிந்தது. இங்கோ வெற்றி யாருக்கும் நிலைப்பதில்லை. சில நொடிகளுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அது மட்டுமன்று, கண்கள்தாம் மோதிக்கொள்கின்றன என்பதும் ஐயத்துக்குரியது. 1996இல் மூளை ஆய்வாளர் நிக்கோஸ் லோகோதெட்டிஸ் குழுவினர் இரண்டு காட்சிகளையும் கண்ணுக்குக் கண் நொடிக்கு மூன்று முறை மாற்றிமாற்றிக் காட்டினார்கள். கண்கள்தாம் போட்டியிடுகின்றன என்றால் தெரியும் காட்சியும் அதே வேகத்தில் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை, ஒரே காட்சி சில நொடிகள் நிலைத்து நின்றது.

மூளைக்குள் ஒரு நரம்பணுக் கூட்டம் மற்றொன்றை அடக்குகிறது, சோர்ந்ததும் விட்டுக்கொடுக்கிறது, இது போட்டியில்லாமல் வேறென்ன என்று கேட்பார்கள். உள்ளே நடப்பதற்கு அந்தச் சொல் ஓரளவு பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர், பார்ப்பவருக்கு நேர்வதைச் சொல்ல வேண்டும். அடக்கிய பக்கம் அடக்கியபடியே இருந்துவிடும் நிலை ஒன்று உண்டு. அதுதான் சோம்பல் கண். மாறுகண் குழந்தையின் மூளை ஒரு கண்ணின் காட்சியைத் தொடர்ந்து ஒதுக்கும்போது நேர்வது அது. ‘போட்டி’ என்ற சொல்லைக் கேட்ட பெற்றோர் இந்தக் காட்சி மாற்றத்தையும் சோம்பல் கண்ணையும் ஒன்றாகக் கொள்வது உறுதி.

‘போட்டி’ என்று எழுதுகிறவர்கள் ரைவல்ரி என்ற சொல்லையாவது கொஞ்சம் தோண்டியிருக்கலாம். இலத்தீனில் ‘ரீவுஸ்’ என்றால் ஓடை; ‘ரிவாலிஸ்’ என்றால் ஒரே ஓடையில் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் அண்டை நிலத்துக்காரன். ஆழியாற்றுத் தண்ணீருக்காகக் காத்திருக்கும் எங்கள் சித்தூர் வட்டத்து உழவருக்கு இதை விளக்க வேண்டாம். இன்று என் வயலுக்கு, நாளை உன் வயலுக்கு என்று மடை மாறும். இடையே வாய்ச்சண்டை இருக்கும், சில நாள் மண்வெட்டியும் தூக்கப்படும். ஆனாலும் முறை தப்பாது. அதற்குப் பெயர் முறைத்தண்ணீர்.

தமிழில் ‘முறை’ என்பது விட்டுவிட்டு வருவதற்கும் மாறிமாறிச் செய்வதற்கும் நெடுநாளாக ஆளப்பட்டுவரும் சொல். விட்டுவிட்டு வருவது முறைக்காய்ச்சல். குடித்தனக்காரர்கள் மாறிமாறிப் பெருக்குவது முறைவாசல். ஆகவே இதனை ‘இருகண் முறைக்காட்சி’ என்கிறேன். ‘காட்சி மாறாட்டம்’ என்றும் முதலில் எண்ணினேன். ஆள்மாறாட்டத்தின் நாற்றம் அதிலிருந்து போகாது என்பதால் விட்டுவிட்டேன். ‘மாறுகண் காட்சி’ என்றால் நோயின் பெயரோடு சிக்கிக்கொள்ளும்.

முறைக்காட்சி என்றால் யாரோ முறைத்துப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று நண்பர் ஒருவர் சிரித்தார். முறைவாசலைக் கேட்டு வாசல் முறைக்கிறது என்று எவரும் எண்ணுவதில்லை என்றேன். அந்தத் துண்டறிக்கையின் அடுத்த பதிப்பிற்குத் திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் ‘இருகண் பார்வை’ என்ற ஒரு மாற்றத்தையாவது செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.