வெயிலைத் தள்ளும் வீட்டில் வெயில் தேடும் ஆமை

காரைக்குடியில் மார்கழி இரவுகூடப் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் நிற்கும். பகலில் 28, 29 வரை போகும். இதற்குப் போய் ஆமைக்குக் குளிருமா என்று கேட்கிறார்கள். குளிரும், ஆனால் நமக்குக் குளிர்கிற விதத்தில் அல்ல. நாம் சாப்பிடுவதில் பெரும்பங்கை எரித்து உடம்பை 37 டிகிரியில் வைத்துக்கொள்கிறோம். ஆமை அந்தச் செலவைச் செய்வதில்லை. சுற்றுப்புறம் எந்த வெப்பத்தில் இருக்கிறதோ, அதன் உடம்பும் மெல்ல அங்கே வந்து நிற்கும். வெயிலுக்கு நகர்ந்தால் ஏறும், நிழலுக்கு வந்தால் இறங்கும். உடம்பு 10 டிகிரி இறங்கினால் உள்ளே நடக்கும் வேதிவினைகளின் வேகம் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறைந்துவிடும். நடை, செரிமானம், நோய் எதிர்ப்பு என்று எல்லாமே அந்த வேகத்தில்தான் ஓடுகின்றன.

இங்கே நான் பேசுவது சல்கட்டா ஆமையைப் பற்றி. சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் வாழும் ஆப்பிரிக்க இனம் அது. நம் புதர்க்காட்டு நட்சத்திர ஆமையை வீட்டில் வைக்கவே கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் அது இப்போது முதல் அட்டவணையில் இருக்கிறது. வாங்குவதும் வளர்ப்பதும் குற்றம். சல்கட்டா வெளிநாட்டு இனம் என்றாலும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளது என்பதால், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். இன்னொன்று, உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குஞ்சு வளர்ந்தால் 40 கிலோவைக்கூடத் தாண்டலாம். நம் ஆயுளையும் தாண்டி வாழக்கூடும். வாங்குவதற்கு முன் இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

குளிர்காலத்தில் ஆமை தூங்கத்தானே செய்யும், விட்டுவிடலாமே என்று தோன்றும். ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் உள்ள சில ஆமைகள் அப்படித் தூங்குகின்றன. ஆனால் அவற்றுக்கு 5 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். அந்தக் குளிரில் உடம்பு கிட்டத்தட்ட நின்றுபோவதால்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் தாக்குப்பிடிக்கின்றன. சல்கட்டா அப்படித் தூங்கும் இனமே அல்ல. இருபது டிகிரியில் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் சல்கட்டா தூங்கவில்லை. உடம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் சாப்பிடவும் செரிக்கவும் போதிய சூடு இல்லை.

செட்டிநாட்டு வீடு வெயிலைத் தள்ளுவதற்கென்றே கட்டியது. தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, நடுவில் திறந்த முற்றம். பகலில் சூடான காற்று மேலே ஏறி முற்றத்தின் வழியே வெளியேறும். இரவில் ஓட்டுக்கூரையும் முற்றத்துத் தரையும் தம் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குக் கொடுத்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது, அது கீழே இறங்கி முற்றத்திலும் பட்டாலை என்னும் கூடத்திலும் தங்கும். சித்திரையில் இதைவிட நல்ல வீடு எனக்குத் தெரியாது. மார்கழியில் ஆமைக்கு அதே வீடு எதிராக வேலை செய்கிறது.

முதல் எதிரி தரை. இந்த வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டும் மணலும் சேர்ந்தது. வெப்பத்தை அது மரத்தைவிட ஐந்து மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். காலையில் கல்லிலும் பக்கத்தில் கிடக்கும் பலகையிலும் கை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும், ஆனால் கல் கையைச் சில்லென்று உறிஞ்சும். ஆமை படுத்தால் அடிப்பக்க ஓடு முழுவதும் அந்தக் கல்லில் படிகிறது. எனவே அது இருக்கும் இடத்தில் ஒரு பலகையைப் போட்டு, மேலே நாலு விரற்கடைக்குக் குறையாமல் மண்ணும் தென்னை நார்க்கழிவும் கலந்து பரப்ப வேண்டும்.

இரண்டாவது காற்று. பல வீடுகளில் முகப்பு நிலையிலிருந்து கொல்லை நிலை வரை கதவுகள் ஒரே கோட்டில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது அந்தக் கோடு முழுவதும் ஈரக்காற்று ஓடும். ஆமைப் பெட்டியை அந்தக் கோட்டிலிருந்து தள்ளி, சுவரோரம் வையுங்கள்.

அறையையே சூடாக்கிவிடலாம் என்று ஹீட்டர் வாங்குவது வீண்செலவு. அத்தனை உயரக் கூரையின் கீழ் சூடெல்லாம் உத்தரத்துக்குப் போய்விடும், தரையில் ஆமை குளிர்ந்தபடியே கிடக்கும். பெட்டியை மட்டும் சூடாக்கினால் போதும். அதிலும் பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருக்கக்கூடாது. ஒரு முனையில் ஓட்டின் உயரத்தில் 35 டிகிரிக்குச் சற்று மேல், எதிர்முனையில் 26, 27. நடுவில் நடந்துபோகப் போதிய நீளம். தனக்கு எவ்வளவு வேண்டும் என்பது ஆமைக்குத் தெரியும். நாம் செய்ய வேண்டியது தேர்ந்தெடுக்க இடம் கொடுப்பதுதான். போக வழியில்லாமல் சூட்டில் மாட்டிக்கொண்ட ஆமை, குளிரில் கிடக்கும் ஆமையைவிட வேகமாகச் செத்துப்போகும்.

சூட்டுக்கு எல்இடி உதவாது. பழைய குண்டு பல்பும் ஹாலஜனும் வாங்கிய மின்சாரத்தில் பெரும்பங்கை அகச்சிவப்புக் கதிராகத்தான் வெளியிடுகின்றன. வெளிச்சத்துக்கு அது நட்டம், ஆமைக்கு அதுதான் வேண்டும். சூரியனிடமிருந்து வருவதைப்போல, அந்தக் கதிரில் ஒரு பகுதி தோலுக்குக் கீழேயும் கொஞ்சம் இறங்கிச் சூடேற்றும். வெளிச்சமே தராத செராமிக் ஹீட்டரின் கதிர் மேற்பரப்போடு நின்றுவிடும். அதனால் பகலுக்கு விளக்கு, இரவுக்கு செராமிக் என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஆமைகளுக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும், ஆகவே இரவில் சிவப்பு பல்பு எரிந்தால் தூக்கம் கெடும். வளர்ந்த ஆமைக்கு ஒரே பல்பு போதாது. ஓட்டின் நடுவில் மட்டும் சூடு குவிந்து அங்கே வெந்துபோகும். இரண்டு மூன்று பல்புகளை மாட்டி உடம்பு முழுவதும் படச் செய்ய வேண்டும். ஹோல்டர் பீங்கானாக இருக்கட்டும், பிளாஸ்டிக் உருகும். சூடு ஏறினால் தானே அணைத்துவிடும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எதையும் மாட்டாதீர்கள். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றிமானியை வைத்து அளக்கலாமே என்று நினைப்போம். பெரும்பாலும் அது மனித உடம்பின் வெப்ப எல்லைக்குள்தான் காட்டும், சரிப்படாது. ஒரு சாதாரண வெப்பமானியை ஓட்டின் உயரத்தில் வைத்துப் பார்ப்பதே மேல்.

அடியில் விரிக்கும் ஹீட்டிங் பேடு வேண்டாம். காட்டில் ஆமைக்குச் சூடு எப்போதும் மேலிருந்துதான் வருகிறது. சூடு மிஞ்சினால் அது மண்ணைத் தோண்டிக் கீழே போகும். பேடு கீழே இருந்தால், தப்பிக்கத் தோண்டத் தோண்டச் சூடு ஏறிக்கொண்டே போகும்.

இனி வெயில். மொத்தத்தில் இதுதான் முக்கியம் என்பேன். சூரிய ஒளியின் புற ஊதா பி கதிர் தோலில் பட்டால் அங்குள்ள ஒரு கொழுப்புப்பொருள் மாற்றம் அடைகிறது. பிறகு உடம்பின் சூட்டால் அது வைட்டமின் டி3 ஆகிறது. கதிரும் வேண்டும், சூடும் வேண்டும். டி3 இல்லாவிட்டால் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து கொடுத்தாலும் குடலில் ஏறாது, ஓடு மெத்தென்று ஆகும், கால் எலும்பு வளையும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். இளவெயில் நல்லது என்ற நம் வழக்கமும் இங்கே பொருந்தாது. காலையில் கதிர் காற்றுமண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வருவதால் புற ஊதா பி வழியிலேயே வடிகட்டப்படுகிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் கணக்கு. மார்கழியில் நம் பக்கத்தில் அது காலை 10 மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி மதியம் 2 மணி வரை.

அந்த நேரத்தில் முற்றத்தில் எங்கே விடுவது? காரைக்குடி இருப்பது ஏறத்தாழ 10 டிகிரி வடக்கில். டிசம்பர் கடைசியில் உச்சிவேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்து 56, 57 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பன்னிரண்டடி உயரத் தாழ்வாரம் எட்டடிக்கு நிழல் போடும். முற்றத்தின் தென்பாதி நாள் முழுக்க நிழல். வெயில் விழுவது வடக்கு ஓரத்தில். முற்றம் சின்னது என்றால் பேசாமல் கொல்லைக்குக் கொண்டுபோங்கள். அங்கேயும் ஒதுங்க ஒரு நிழல் கட்டாயம் வேண்டும். ஐப்பசி அடைமழையில் நாள்கணக்கில் வெயில் வராதபோதுதான் புற ஊதா டியூப் தேவைப்படும். அதன் வெளிச்சம் அப்படியே இருந்தாலும் கதிர் குறைந்துகொண்டே வரும், ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.

மார்கழியில் இட்லி மாவு பொங்காமல் அடம்பிடிப்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். சல்கட்டாவின் பெருங்குடலில் நடப்பதும் அதே நுண்ணுயிர் வேலை. புல்லின் நாரை உடைத்துத் தருவது அந்த நுண்ணுயிர்கள். சூடு குறைந்தால் அவை மந்தமாகி, தின்றது உள்ளேயே கெட்டுப்போகும். அதனால் காலையில் முதலில் விளக்கு. ஒரு மணி நேரம் கழித்து, அது தானாக எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகு சாப்பாடு. அருகம்புல், காய்ந்த புல், செம்பருத்தி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. சோறும் சப்பாத்தியும் வேண்டவே வேண்டாம். சாயங்காலம் தீனி போடாதீர்கள், அது செரிக்கச் சூடு இருக்காது.

பல்பு காற்றை உலர்த்திவிடும். 2003இல் சல்கட்டா குஞ்சுகளை வைத்து வெளியான ஓர் ஆய்வில், ஓடு மேடுமேடாகப் புடைப்பதற்கு உணவின் புரதத்தைவிட வறண்ட காற்றே பெரிய காரணம் என்று தெரிந்தது. குஞ்சுகளுக்கு நார்க்கழிவில் லேசான ஈரம் இருக்கட்டும், ஆனால் ஈரமும் குளிரும் ஒன்றாகச் சேரக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில், ஓட்டின் அடிவிளிம்பு வரை மட்டும், ஒரு கால் மணி நேரம் விட்டு எடுங்கள். நன்றாகக் குடிக்கும், வெள்ளைக் கூழாக யூரிக் கழிவையும் வெளியேற்றும். துடைத்துவிட்டு நேரே விளக்கடியில் விடுங்கள்.

இரவுக்கு மூடியுள்ள மரப்பெட்டி போதும். வெளிப்பக்கம் தெர்மாகோல் ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் தின்றுவிடும். பெரிய உடம்பு பகல் சூட்டை நெடுநேரம் தக்கவைக்கும். குஞ்சு சட்டென்று குளிர்ந்துவிடும், ஆகவே அதற்கு இரவிலும் 25, 26 டிகிரி வேண்டும்.

மூக்கில் குமிழ், வாய் திறந்து மூச்சு, கழுத்தை நீட்டி இழுப்பது: இவை தெரிந்தால் நுரையீரலில் நோய் இறங்கிவிட்டது என்று பொருள். ஆமைக்கு நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. விலா எலும்புகள் ஓட்டோடு இணைந்திருப்பதால் மார்பு விரிந்து சுருங்காது. 1975இல் அமெரிக்கப் பாலைவன இகுவானா என்னும் பல்லியினத்தை வைத்துச் செய்த ஒரு சோதனையில், நோய்க்கிருமி ஏற்றப்பட்டவற்றில் அதிகச் சூட்டில் இருந்தவையே அதிகம் பிழைத்தன. தானாகக் காய்ச்சல் வரவழைக்க முடியாத ஊர்வனவற்றுக்கு வெளிச்சூடுதான் காய்ச்சலின் வேலையைச் செய்கிறது. எனவே நோய்ப்பட்ட ஆமைக்கு இரவிலும் சூட்டைக் குறைக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகும்போது, பெட்டிக்குள் ஒரு பக்கம் மட்டும் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை வையுங்கள். மின்வெட்டு இரவுக்கும் அதே பாட்டில் உதவும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டியிருக்கும்.